மேற்கோள்களைத் திரட்டி வகுக்கும் முறை

நினைவேட்டில் ஒரு பக்கம் உருவாகும்போது, புகைப்படங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் ஓரங்களைச் சீர்செய்து, வண்ணத்தாளின்மேல் இப்படியும் அப்படியுமாக வைத்துப் பார்த்து, கடைசியில் மனத்துக்கு உகந்த ஓர் அமைப்பு கூடிவந்த பின்னர், அதன்கீழே எழுதுவதற்கு ஒரு வாசகத்தைத் தேடும் வேளையில்தான் பெரும்பாலோர் திகைத்து நின்றுவிடுகின்றனர். பொருத்தமான வாசகம் ஒன்றை எங்கேயோ படித்த ஞாபகம் இருக்கும். அதன் முற்பகுதி நாவில் நிற்கும், பிற்பகுதி வராது. அல்லது வாசகம் முழுவதும் நினைவில் இருந்தாலும் அதை இயற்றியவர் யார் என்பது மறந்துபோயிருக்கும். அந்த அவசரத்தில் கைபேசியைத் திறந்து, முதலில் அகப்படும் பொன்மொழியை எடுத்து, அதன்கீழே யாருடைய பெயர் போட்டிருக்கிறதோ அதையே ஆராயாமல் எழுதிப் பக்கத்தை முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்க்கவேண்டும் என்ற ஆசையோடு அரும்பாடுபட்டுச் செய்யும் ஓர் ஏட்டுக்கு இது தகாது. வாசிக்கும் காலமெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்து, வேண்டும்போது கைக்கு எட்டும்படி வகுத்து வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் திகைப்பு நேர்வதில்லை. அந்தச் சேகரத்தை எவ்வாறு தொடங்குவது, எந்த வகையில் பிரிப்பது, எப்படிப் பேணுவது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

தமிழருக்கு இக்கலை புதிதன்று. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர், தம் பெயரைக்கூடத் தெரிவிக்காமல், தாம் கற்ற நூல்களிலிருந்து உவந்தெடுத்த செய்யுட்கள் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்டவற்றை ஒருங்கு திரட்டி, அவற்றைப் பெரும்பாலும் திருக்குறளின் பாகுபாட்டைத் தழுவி அதிகாரம் அதிகாரமாக வகுத்து, புறத்திரட்டு என்னும் அரிய தொகுப்பை நமக்கு விட்டுச்சென்றார். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி அதைப் பதிப்பித்தார்கள். வளையாபதியின் செய்யுட்களில் இன்று நாம் காண்பனவற்றுள் பெரும்பகுதியும், முத்தொள்ளாயிரத்தில் எஞ்சிய நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களும், குண்டலகேசி, தகடூர் யாத்திரை முதலியவற்றின் சிதறிய பகுதிகளும் நமக்குக் கிட்டியது அத்தொகுப்பாசிரியரின் சிரத்தையினாலேயே ஆகும். மூலநூல்கள் மறைந்தொழிந்தன, மேற்கோள் ஏடு நின்றது. அவர் செய்யுளை எழுதியதோடு நில்லாமல், அது எந்த நூலினின்று எடுக்கப்பட்டது என்பதையும் கூடவே குறித்துவைத்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அக்குறிப்பு இல்லாதிருந்தால் இன்று அவை பெயரற்ற பழம்பாடல்களாக மட்டுமே இருந்திருக்கும். மறைந்த காவியம் ஒன்றின் உறுப்புகள் என்று எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே, சொந்த உபயோகத்துக்காக மேற்கோள் சேர்ப்பவர் வேறு எந்த விதியைத் தளர்த்தினாலும், மூலத்தைக் குறிக்காமல் ஒரு வாசகத்தையும் சேகரத்தில் அனுமதிப்பதில்லை என்னும் இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சேகரத்துக்கு மிகவும் சௌகரியமானவை அட்டைகளே. எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் 5 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள கெட்டி அட்டைகளை வாங்கி, ஓர் அட்டைக்கு ஒரே மேற்கோள் என்ற கணக்கில் எழுதவேண்டும். இரண்டு சிறு வாசகங்களுக்கு இடம் இருக்கிறதே என்று ஒன்றாக எழுதினால் பின்னால் அவற்றைப் பிரித்து அடுக்க இயலாது. அட்டையின் மேல்விளிம்பில் தலைப்பு, நடுவில் வாசகம், கீழே இயற்றியவர் பெயர், நூலின் பெயர், பாட்டாக இருந்தால் பாட்டின் எண், உரைநடையாக இருந்தால் பதிப்பும் பக்கமும், கடைசியில் அது நமக்குக் கிடைத்த தேதி என்ற வரிசையில் எழுதிவரலாம். உதாரணமாக, புதுமனை புகுவிழாப் பக்கத்துக்கு ஆகும் என்று விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறளை ஒருவர் எடுத்தெழுதுவதாக வைத்துக்கொண்டால், தலைப்பு விருந்து என்றும், மூலம் திருக்குறள் 90 என்றும் இருக்கவேண்டும். வீடு என்னும் தலைப்பின்கீழும் அது தேடப்படக்கூடுமாதலால், அந்தத் தலைப்பில் வேறோர் அட்டையை வைத்து, விருந்து பகுதியைப் பார்க்க என்று மட்டும் எழுதினால் போதும். ஒரே வாசகத்தை இரண்டு இடங்களில் முழுவதுமாக எழுதுபவர், ஒன்றில் திருத்தம் செய்து மற்றொன்றில் செய்யாமல் விட்டு, எது சரியான பாடம் என்று பின்னர் தாமே மயங்குவார்.

வாசகத்தை எழுதுவதற்குமுன் அதைச் சரிபார்ப்பது எப்படி என்று சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இக்காலத்தில் இந்தச் சேகரங்கள் கெட்டுப்போவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் வருகின்ற பொன்மொழிகளுள் விவேகானந்தர் பெயராலும், புத்தர் பெயராலும், அப்துல் கலாம் பெயராலும் உலவுகின்றவற்றில் பல, அப்பெரியோர்களுடைய எழுத்திலோ சொற்பொழிவிலோ எங்கும் காணப்படாதவை. பெரியோர் பெயரை ஒட்டினால் சொல்லுக்கு மதிப்புக் கூடும் என்று யாரோ எண்ணியதன் விளைவு அது. அவ்வாறு வரும் வாசகம் ஒன்று மனத்தைக் கவர்ந்தால், அதை எழுதி, மூலம் காணப்படும்வரை தனியே ஒரு பெட்டியில் போட்டுவைக்க வேண்டுமேயன்றி, சேகரத்தில் உடனே சேர்த்துவிடக் கூடாது. பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரையில் மூலம் தேடுவது இன்று பெரும் சிரமம் அன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் முழு நூல்களையே வீட்டிலிருந்தபடி பார்க்கச் செய்திருக்கின்றன. ஆயினும் திரையில் கண்ட பாடத்தை அச்சுப் பதிப்பு ஒன்றோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு தேடியும் இயற்றியவர் பெயர் கிடைக்கவில்லையானால் என்ன செய்வது? அதற்கும் நம் முன்னோர் ஒரு நாகரிகமான வழி வகுத்திருக்கிறார்கள். சங்கத் தொகை நூல்களில், பாடியவர் இயற்பெயர் தெரியாத இடங்களில், அவர் பாட்டிலேயே உள்ள சிறந்த சொற்றொடர் ஒன்றை எடுத்து, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், மீனெறி தூண்டிலார் என்றும் அவருக்குப் பெயரிட்டார்கள். தெரியாத புலவனின் பாட்டைத் தெரிந்த புலவன் ஒருவன்மேல் ஏற்றிச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. நம்முடைய அட்டையிலும் அதே நேர்மை இருக்கட்டும். பெயர் அறியப்படாதது என்று எழுதி, வாசகத்தின் ஒரு தொடரையே அதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

வாசகம் பிறந்த சந்தர்ப்பத்தையும் ஒரு வரியில் குறித்துவைத்தல் மிகுந்த பயன் தரும். கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதலடியை அறியாத தமிழர் இல்லை. வெளிநாட்டுப் பயணப் படங்களின்கீழே அது எத்தனையோ ஏடுகளில் ஏறியிருக்கிறது. ஆனால் அப்பாட்டு 13 அடிகள் கொண்டது. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்றும், மலையில் பெய்த மழையால் பெருகிய ஆற்றின் வழியே புணை செல்வதுபோல உயிர் முறைவழிப் படும் என்றும், ஆதலால் பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்றும் அது மேன்மேலும் ஆழ்ந்து செல்கிறது. இதை உணர்ந்தவர் பயணப் பக்கத்துக்கு முதலடியை எழுதினாலும், குடும்பத்துக்கு ஒரு துயரம் நேர்ந்த ஆண்டின் பக்கத்துக்கு அதே பாட்டின் நடுப்பகுதியை நாடிச் செல்வார். முதலடியை மட்டும் துண்டித்து வைத்திருப்பவருக்கு அந்த வழி தெரியாது.

இனி வகுக்கும் முறைக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் பணிபுரிந்த பெர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842-இல் ஒரு நூலும், 1874-இல் அதை 6,156 பழமொழிகளாகப் பெருக்கி மற்றொரு பதிப்பும் வெளியிட்டார். அதில் பழமொழிகள் அகர வரிசையில் நிற்கின்றன. 1897-இல் ஜென்சன் என்ற டென்மார்க்கு தேசத்துப் பாதிரியார் வெளியிட்ட தொகுதியிலோ, அவை பொருள் வாரியாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. பழமொழியின் முதற்சொல் நமக்குத் தெரிந்திருந்து, அதன் முழு வடிவத்தையோ பொருளையோ அறியவேண்டுமானால் பெர்சிவலின் நூல் கைகொடுக்கும். கருத்து ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற பழமொழியைத் தேடுபவருக்கு ஜென்சனின் நூலே உதவும். நினைவேடு தயாரிப்பவர் எப்போதும் இரண்டாவது நிலையில் இருப்பவர். அவர் கையில் படம் இருக்கிறது, நிகழ்ச்சி இருக்கிறது, வாசகம்தான் இல்லை. ஆகவே அட்டைகளைப் பொருள் வாரியாகவே அடுக்கவேண்டும். அகர வரிசை ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் இருந்தால் போதும்.

தலைப்புகள் எத்தனை இருக்கலாம்? திருக்குறளின் 133 அதிகாரங்களையும் அப்படியே எடுத்துக்கொள்வது கவர்ச்சியாகத் தோன்றினும், ஒரு குடும்பத்தின் ஏட்டுக்கு அது மிகை. ஒற்றாடலுக்கும் படைமாட்சிக்கும் நம் புகைப்படங்களில் இடமில்லை. தத்தம் வாழ்க்கையில் எந்த நிகழ்ச்சிகளின் படங்கள் உள்ளனவோ அவற்றிலிருந்தே தலைப்புகள் பிறக்கவேண்டும். மகப்பேறு, பெயர்சூட்டு, காதணி விழா, பள்ளி, நட்பு, திருமணம், வீடு, விருந்து, பயணம், மழையும் வயலும், கோயிலும் திருவிழாவும், மணிவிழா, பிரிவு என்று பன்னிரண்டு அல்லது பதினைந்தோடு தொடங்கி, எந்தத் தலைப்பிலாவது அட்டைகள் முப்பதுக்கு மேல் பெருகினால் அப்போது அதை இரண்டாகப் பகுக்கலாம். முன்கூட்டியே நுணுக்கமாகப் பகுத்து வைப்பவருக்குப் பாதித் தலைப்புகள் என்றும் வெறுமையாகவே இருக்கும்.

அட்டைகளுக்கு எண் கொடுக்க விரும்புவோர் அகநானூற்றின் அமைப்பைப் பார்க்கட்டும். அதன் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்து, இருபது என வருபவை நெய்தல். எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் திணை இன்னதென்று சொல்லிவிடலாம். நாமும் குடும்ப நிகழ்ச்சிகளுக்கு 100 முதலாகவும், இயற்கைக் காட்சிகளுக்கு 200 முதலாகவும், பயணத்துக்கு 300 முதலாகவும் எண்களை ஒதுக்கிவைத்தால், கலைந்துபோன அட்டைகளைக் குழந்தைகூட மீண்டும் உரிய இடத்தில் செருகிவிடும்.

பொருளால் வகுப்பது எல்லாரும் நினைக்கக்கூடியதே. நினைவேட்டுக்கென்றே வேண்டிய மற்றொரு பாகுபாடு உண்டு, அது அளவு. பக்கத்தில் எஞ்சியிருக்கும் இடம் இவ்வளவுதான் என்று நிர்ணயமான பின்னர், கருத்து எவ்வளவு பொருந்தினாலும் நீண்ட வாசகத்தை அங்கே புகுத்த முடியாது. இந்த உண்மையை நம் தொகையாசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும். அகப்பாடல்களைத் தொகுத்தபோது பொதுவாக 4 முதல் 8 அடிவரை உள்ளவற்றைக் குறுந்தொகையாகவும், 9 முதல் 12 வரை உள்ளவற்றை நற்றிணையாகவும், 13 முதல் 31 வரை உள்ளவற்றை அகநானூறாகவும் அவர்கள் அடியளவு கொண்டே பிரித்தனர். அவர்களைப் பின்பற்றி நாமும் நான்கு அளவுகளை வைத்துக்கொள்ளலாம். ஒளவையாரின் ஆத்திசூடியைப் போலவும், பாரதியாரின் புதிய ஆத்திசூடியைப் போலவும் இரண்டு மூன்று சொற்களில் முடிபவை முதல் அளவு. புகைப்படத்தின் ஓரத்தில் ஒட்டும் மெல்லிய பட்டையில் இவை அடங்கும். குறள் இரண்டாவது அளவு; அஞ்சலட்டை அகலமுள்ள படத்தின் கீழே அது இடம் கொள்ளும். நாலடியார், மூதுரை போன்ற நான்கடி வெண்பாக்கள் மூன்றாவது. இவற்றுக்குப் படத்தின் அருகே தனியாக ஒரு கட்டம் வேண்டும். உரைநடைப் பத்தியும் நீண்ட பாட்டும் நான்காவது. இவற்றுக்கு எதிர்ப்பக்கம் முழுவதையுமே ஒதுக்கிவிடுவது உத்தமம். அட்டையின் வலது மூலையில் அளவைக் குறிக்கும் எண் ஒன்றைச் சிவப்பு மையால் எழுதிவைத்தால், தலைப்புப் பகுதியைப் புரட்டும்போதே வேண்டிய அளவு கண்ணில் படும்.

இடம் குறுகலாக இருக்கிறது என்பதற்காகச் செய்யுளின் அடியை மனம்போனபடி முறிப்பதை நான் பல ஏடுகளில் கண்டு வருந்தியிருக்கிறேன். குறளின் முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். அந்த அமைப்பிலேதான் அதன் ஓசை நிற்கிறது. நான்கு சீரும் ஒரே வரியில் அடங்காத அளவுக்கு இடம் சிறிதானால் எழுத்தைச் சிறிதாக்குங்கள். அல்லது முதல் அளவிலிருந்து வேறொரு வாசகத்தைத் தேடுங்கள். பழம்பாடல்களைச் சந்தி பிரித்து எழுதுவதா, பிரிக்காமல் எழுதுவதா என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். யாப்பு கெடாத வடிவத்தை அட்டையின் முன்புறத்திலும், பதம் பிரித்த வடிவத்தைப் பின்புறத்திலும் எழுதிவைத்து, சிறுவர்களுக்கான ஏடானால் பின்புறத்தையும், மற்றவற்றுக்கு முன்புறத்தையும் பயன்படுத்துவது என் வழக்கம்.

அட்டைகளைவிடக் கட்டுப்புத்தகமே பிரியமானது என்பாரும் உண்டு. அழகிய நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிச் சேர்ப்பதில் தனியான ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. அத்தகையோருக்கு ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் கையாண்ட முறை ஏற்றது. நெடுங்காலம் தாமே அனுசரித்துப் பார்த்தபின் 1686-இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அதை அவர் வெளியிட்டார். புத்தகத்தைத் தலைப்புகளுக்கென்று முன்னதாகப் பங்கிடாமல், புதிய தலைப்பு ஒன்று தோன்றும்போது அடுத்து வரும் வெற்றுப்பக்கத்தை அதற்குக் கொடுத்து, அந்தப் பக்க எண்ணைப் புத்தகத்தின் முகப்பிலுள்ள அட்டவணையில் தலைப்பின் முதலெழுத்துக்கும், அதையடுத்து வரும் உயிரெழுத்துக்கும் உரிய கட்டத்தில் குறிப்பது அம்முறையின் சாரம். ஒரு பக்கமும் வீணாவதில்லை. ஒரு தலைப்பும் இடமின்றித் தவிப்பதில்லை. தமிழில் இதைச் செய்பவர் முகப்பில் இரண்டு பக்கங்களை ஒதுக்கி, உயிரெழுத்துக்களுக்கும், மொழிக்கு முதலில் வரும் க, ச, த, ந, ப, ம, ய, வ முதலிய வருக்கங்களுக்கும் கட்டங்கள் போட்டு, நட்பு 14, 37 என்பதுபோல் எழுதிவந்தால் போதுமானது.

நூல்களிலிருந்து எடுத்தவை எவ்வளவு உயர்ந்தவையானாலும், நினைவேட்டின் உண்மையான செல்வம் குடும்பத்தாரின் சொற்களே என்று நான் கருதுகிறேன். வீட்டு மனிதர்கள் சொன்னவை எந்த நூலகத்திலும் இல்லை. எழுதிவைப்பார் இல்லையானால் அவை சொன்னவரோடே போய்விடும். பாட்டி கோபத்தில் ஒரு விதமாகவும் பரிவில் ஒரு விதமாகவும் சொல்லிவந்த பழமொழி, விடுதியில் தங்கிப் படித்த மகளுக்குத் தகப்பனார் எழுதிய கடிதத்தின் இறுதி வரி, மூன்று வயதுக் குழந்தை முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது கேட்ட கேள்வி ஆகிய இவற்றுக்கும் தனித்தனி அட்டை எழுதவேண்டும். சொன்னவர் யார், யாரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தச் சமயத்தில் என்ற விவரங்களைத் திருக்குறளுக்கு எண் போடும் அதே சிரத்தையோடு குறிக்கவேண்டும். பேச்சை இலக்கண நடைக்கு மாற்றுவது கூடவே கூடாது. திருநெல்வேலிப் பாட்டியின் சொல் திருநெல்வேலித் தமிழிலேயே இருக்கட்டும். கொங்கு நாட்டுத் தாத்தாவின் ‘ங்க’வும் ‘ங்கோ’வும் அப்படியே ஏறட்டும். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே, பழைய படங்களை அவர்கள் முன் வைத்து, அவர்கள் பேசுவதைப் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்வது இதற்குச் சிறந்த உபாயம். ஒரு படத்தைக் கண்டதும் ஊற்றெடுக்கும் பேச்சு, கேள்வி கேட்டு வருவிக்கப்படும் பேச்சைவிடச் செழுமையானது. கடித வரிகளை எடுக்கும்போது மட்டும், எழுதியவரோ பெற்றவரோ பிறர் காண விரும்பாத விஷயம் அதில் இருக்கிறதா என்று கேட்டறிந்து செய்வது முறை.

தாளையும் மையையும் பற்றிச் சில சொற்கள் போதும். பத்திரிகையிலிருந்து கத்தரித்த துணுக்கை அப்படியே ஒட்டவேண்டாம். செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்னும் பொருள் காற்றும் ஒளியும் பட்டுச் சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்துவிடும். நல்ல தாளில் அதற்கு ஒரு நகல் எடுத்து, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் அதன்மேல் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்லோ டேப்பின் பசை நாளடைவில் கசிந்து கறைபடுத்தும். எழுதுவதற்கு நிறமி மை கொண்ட பேனா நெடுநாள் மங்காமல் இருக்கும். மாவுப் பசை ராமபாணப் பூச்சியை வரவழைக்கும். மழைக்காலத்து ஈரமும் அதற்குத் துணைசெய்யும். ஆதலால் அட்டைப் பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல் மேடான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது நன்று.

ஒரு வாசகத்தை ஏட்டில் பயன்படுத்தியவுடன், அட்டையின் பின்புறத்தில் எந்த ஏடு, எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று குறித்துவிட வேண்டும். இல்லாவிடில் அக்காளின் கலியாணத்துக்கு எழுதியதையே தங்கையின் கலியாணத்துக்கும் எழுதிவைத்து, இருவர் மனத்தையும் நோகச்செய்ய நேரும். ஏட்டுப் பக்கத்திலும், அழகு கெடாதபடி, வாசகத்தின்கீழே சிறிய எழுத்தில் மூலத்தைக் குறிப்பது அவசியம். அதற்கும் இடமில்லையானால் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் அட்டை எண்ணை மட்டுமாவது எழுதுங்கள்.

அட்டைகள் நூறைத் தாண்டிய பின்னர் கணினியில் ஒரு பிரதி செய்துகொள்ளலாம். விரிதாளில் தலைப்பு, வாசகம், ஆசிரியர், மூலம், அளவு, பயன்பட்ட இடம் என்று ஆறு பத்திகள் அமைத்து, யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்தால், எந்தச் சொல்லைக் கொண்டும் தேடலாம். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தவை வேறு கணினியில் படிக்க முடியாமற் போவதுண்டு. வீட்டு ஏட்டுக்காக எடுத்தெழுதுவதில் பதிப்புரிமைச் சிக்கல் எழுவதில்லை. ஆனால் ஏட்டை அச்சிட்டு விற்க எண்ணுவோர், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள்வரை உரிமை நிலைத்திருக்கும் என்பதையும், தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். அட்டைப் பெட்டி ஒரு வீட்டிலும், கணினிப் பிரதியின் நகல் வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் இருக்குமாறு ஏற்பாடு செய்து, ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாட்களில், புதிதாகச் சேர்ந்தவற்றை இரண்டிலும் ஏற்றிவிடுங்கள். மூலம் காணாமல் தனிப்பெட்டியில் காத்திருக்கும் வாசகங்களையும் அப்போதே எடுத்து மறுபடி தேடிப் பாருங்கள்.